நிபந்தனை ஏறிய டோக்கன்: செஞ்சி நெற்சந்தையில் வைத்து ஒரு பார்வை

அனந்தபுரம், வல்லம், மேல்மலையனூர்ப் பக்கத்து நெல் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வந்து சேர்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் நெல் வரத்து மிகுந்த கூடங்களில் அதுவும் ஒன்று. மூட்டைகளை இறக்கியதும் குவியலுக்கு ஓர் எண் போட்டு விவசாயியிடம் சீட்டுக் கொடுப்பார்கள். வியாபாரி நெல்லை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார், ஒரு மணியைக் கடித்து ஈரத்தைக் கணிப்பார், தனக்குக் கட்டுப்படியாகும் விலையை எழுதிக் கொடுப்பார். மறைமுக ஏலத்தில் ஒருவர் எழுதிய விலை இன்னொருவருக்குத் தெரியாது. அதிக விலை எவருடையது என்று அறிவித்த பிறகும், பிடிக்காவிட்டால் விவசாயி விற்க மறுக்கலாம். ஒத்துக்கொண்டால் எடை, பட்டியல், பணம். சந்தைக் கட்டணமான ஒரு விழுக்காட்டை வாங்குகிறவர் கட்டுகிறார். விவசாயியிடம் பிடித்தம் இல்லை.

நெல் கைமாறும் இந்த வரிசை முழுக்க நிபந்தனைகளால் ஆனது. உரிமம் பெற்றவர்தான் ஏலம் கேட்கலாம். விவசாயி ஒப்பாமல் விற்பனை முடியாது. எடை போடாமல் பட்டியல் எழுதக்கூடாது. 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் இவற்றுக்கு அடிப்படை. சிக்கல் என்னவென்றால், நிபந்தனை இருப்பது விதிப்புத்தகத்தில். நெல் இருப்பது களத்தில். பணம் இருப்பது வியாபாரியின் வங்கிக் கணக்கில். மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியவர் கூடத்தின் அலுவலர். வரத்து மிகுந்து ஆயிரக்கணக்கான மூட்டைகள் குவியும் நாளில், “பணம் நாளைக்கு வந்துவிடும்” என்ற வாய்ச்சொல்லை நம்பி லாரியை விட்டால்தான் அடுத்த குவியலுக்கு இடம் கிடைக்கும். அந்த நாளை, நாளை மறுநாளாகி, வாரமாகும்போது மறியல் வருகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று.

சட்டம் இதை எதிர்பார்க்காமல் இல்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விலை கிடைக்காத விற்பனையாளருக்குச் சரக்கைத் தடுத்து வைத்துக்கொள்ளும் பற்றுரிமையைத் தருகிறது. ஆனால் சரக்கை முறைப்படி ஒப்படைத்த கணமே அந்த உரிமை போய்விடும். லாரி கிளம்பியதும் விவசாயி வெறும் கடன் கொடுத்தவராகிவிடுகிறார். அதற்கும் முன்னதாக, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்ற நிகழ்வுசார் ஒப்பந்தத்துக்கு இலக்கணம் வகுத்துவிட்டது. நிபந்தனை வைத்து விற்பது பழைய சங்கதி. அதை நிறைவேற்றுவது யார் என்பதில்தான் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தடுமாற்றம்.

பிளாக்செயின் உலகத்தார் இந்த இடத்தில்தான் தங்கள் பதிலோடு வருகிறார்கள். நிறைவேற்றும் வேலையை ஆளிடமிருந்து எடுத்து நிரலிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். அந்தப் பதிலைச் செஞ்சிக் களத்தில் இறக்கிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். பிளாக்செயின் இன்று செஞ்சியில் இயங்குவதாக நான் சொல்லவில்லை. இயங்கினால் எந்த நிபந்தனை நிற்கும், எது சாயும் என்பதை வேறு இடங்களில் நடந்தவற்றை வைத்துக் கணிக்க முடியும்.

டோக்கன் எப்படி நகர்கிறது

பிளாக்செயினில் டோக்கன் என்பது கணக்கேட்டில் ஒரு வரி. இன்ன முகவரியின் பேரில் இத்தனை அலகு என்று அந்த வரி சொல்லும். அந்த ஏடு ஒருவரிடம் இல்லாமல் பல கணினிகளில் ஒரே மாதிரி இருப்பதால், எவரும் தனியாக அழித்து எழுத முடியாது. எதீரியம் என்ற பிளாக்செயினில் 2015 நவம்பரில் ஃபேபியன் ஃபோகல்ஷ்டெல்லர் முன்வைத்த இ.ஆர்.சி.-20 வரைமுறை, டோக்கனை நகர்த்த இரண்டு வழிகளைத் தந்தது. ஒன்று, உரியவரே நேராக அனுப்புவது. மற்றொன்று, ‘என் பேரில் உள்ளதில் இவ்வளவு வரை இவர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று இன்னொருவருக்கு அனுமதி தருவது. வியாபாரம் நடப்பது இரண்டாவது வழியில்தான். ஏனென்றால் அந்த ‘இன்னொருவர்’ மனிதராக இருக்க வேண்டியதில்லை. ஒரு நிரலாகவும் இருக்கலாம். அந்த நிரல்தான் ஸ்மார்ட் காண்ட்ராக்ட்.

1990களில் இந்தப் பெயரை உருவாக்கிய நிக் சாபோ, காசு போட்டால் பொருளைத் தள்ளும் தானியங்கி இயந்திரத்தை இதற்கு மூதாதை என்றார். காசும் பொருளும் ஒரே பெட்டிக்குள் இருப்பதுதான் அதன் பலம். பிளாக்செயினில் இதற்கு இன்னும் கறாரான வடிவம் உண்டு. ஒரு பரிவர்த்தனைக்குள் பத்துப் படிகள் இருந்தால், பத்தும் நடக்கும் அல்லது ஒன்றுகூட நடக்காது. ஒன்பதாவது படியில் நிபந்தனை தவறினால், முந்தைய எட்டும் நடக்காதவையாகத் திரும்பிவிடும். நெல்லுக்கான டோக்கன் வியாபாரிக்குப் போவதும் பணத்துக்கான டோக்கன் விவசாயிக்கு வருவதும் ஒரே பரிவர்த்தனையின் இரு படிகளாகிவிட்டால், ‘நாளைக்குத் தருகிறேன்’ என்ற வாக்கியத்துக்கு இடமே இருக்காது.

இது வெறும் கற்பனை அல்ல. 2016 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் அக்ரிடிஜிட்டல் என்ற நிறுவனம் 23.46 டன் கோதுமையை இப்படி விற்றுக் காட்டியது. லாரி எடைமேடையில் ஏறியதும் நிரல் கோதுமையின் மதிப்பைக் கணக்கிட்டது. வாங்குபவரிடம் அவ்வளவு பணம் இருக்கிறதா என்று பார்த்து அதை ஒதுக்கி வைத்தது. சரக்கின் உரிமை மாறிய அதே நேரத்தில் பணம் விவசாயியின் பக்கம் திரும்பியது. ஆஸ்திரேலிய தானிய வியாபாரத்தில் சரக்கு போய் வாரக்கணக்கில் கழித்துப் பணம் வருவது வழக்கம். இடையில் வாங்கியவர் திவாலானால் விவசாயி வரிசையின் கடைசியில் நிற்பார். இடம் டப்போ, பயிர் கோதுமை. குறை நம் ஊர்க் குறைதான்.

அர்ஜென்டினாவில் 2021இல் தொடங்கிய அக்ரோடோக்கன் இன்னொரு திசையில் போனது. கிடங்கில் இருக்கும் ஒரு டன் சோயாவுக்கு ஒரு டோக்கன், ஒரு டன் சோளத்துக்கு ஒன்று, ஒரு டன் கோதுமைக்கு ஒன்று. 2022இல் சாண்டாண்டர் வங்கி இந்த டோக்கன்களை ஈடாகக் கொண்டு விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தது. பணவீக்கத்தில் நாட்டுப் பணம் கரையும்போது தானியத்தையே பணமாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு அது பொருந்திவந்தது.

நம்மிடம் இதற்கு அருகில் வரும் ஏற்பாடு ஒன்று உண்டு. 2007ஆம் ஆண்டின் கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் 2010இல் ஆணையம் அமைந்தது. 2017 செப்டம்பரில் மின்னணு வடிவில் மாற்றத்தக்க கிடங்கு ரசீது வந்தது. பதிவு பெற்ற கிடங்கில் நெல்லை வைத்தால், எடை, தரம், காலாவதித் தேதி எல்லாம் குறித்த ரசீது விவசாயியின் பேரில் மின்னணுக் கணக்கில் ஏறும். அதை விற்கலாம், பிரித்து விற்கலாம், வங்கியில் ஈடு வைக்கலாம். ஈடு வைத்திருக்கும்வரை அதன் மேல் பற்றுரிமை பதிவாகியிருக்கும். மூட்டையை வெளியே எடுக்க முடியாது. இது பிளாக்செயின் அல்ல. இரண்டு நிறுவனங்கள் நடத்தும் மையக் களஞ்சியங்களில் இருக்கும் பதிவு. ஆனாலும் டோக்கனின் உடம்பு அதற்கு இருக்கிறது. ஒழுங்குமுறைக் கூடங்களிலும் இதன் எளிய வடிவம் நெடுநாளாக உண்டு: அறுவடையில் விலை சரிந்தால் நெல்லைக் கூடத்துக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் வாங்கி, 180 நாள் வரை காத்திருந்து விற்கலாம்.

நிபந்தனையை எங்கே ஏற்றுவது

நிபந்தனையை மூன்று இடங்களில் எழுதலாம். டோக்கனுக்குள்ளேயே எழுதலாம், அப்போது அந்த டோக்கன் எந்தச் சந்தைக்குப் போனாலும் நிபந்தனை கூடவே போகும். பங்குப் பத்திரங்களைப் போல, சரிபார்க்கப்பட்டவர்கள் மட்டுமே வைத்திருக்க வேண்டிய சொத்துகளுக்காக உருவான இ.ஆர்.சி.-3643 இப்படிப்பட்டது: பெறுகிறவர் அடையாளம் உறுதி செய்யப்பட்டவரா என்று பார்க்காமல் டோக்கன் நகராது. இரண்டாவது இடம் சந்தை. 2025 ஜனவரியில் வெளிவந்த யூனிஸ்வாப் என்ற டோக்கன் சந்தையின் நான்காம் பதிப்பு, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் முன்னும் பின்னும் வேறு நிரல் ஒன்றைக் கூப்பிட வழி செய்தது. விலை தாறுமாறாக ஆடும்போது கட்டணத்தைக் கூட்டு, இன்ன நேரத்துக்கு மேல் விற்காதே, பட்டியலில் உள்ளவருக்கு மட்டும் கொடு என்று எதை வேண்டுமானாலும் அங்கே சேர்க்கலாம். மூன்றாவது, விற்பவர் கையொப்பமிடும் ஆணை. ‘இந்த விலைக்குக் குறையாமல், இந்தத் தேதிக்குள், முழுதாக விற்றால் மட்டும்’ என்று எழுதி ஒப்பமிட்டு வைத்துவிட்டால், அதற்குப் பொருந்தும் வாங்குபவர் வரும்போது நிறைவேறும்.

இந்த மூன்றில் எது என்பது தொழில்நுட்ப நுணுக்கம் போலத் தோன்றும். பணம் போன பிறகுதான் அதன் கனம் தெரியும். தனித்தனிப் படைப்பைக் குறிக்கும், கலைஞர்களின் என்.எஃப்.டி. டோக்கன்களில் நடந்ததைச் சொல்கிறேன். படம் மறுவிற்பனையாகும் ஒவ்வொரு முறையும் வரைந்தவருக்கு ஒரு பங்கு தானாகவே போகும் என்பதுதான் அந்தச் சந்தையின் பெரிய வாக்குறுதி. ஆனால் இ.ஆர்.சி.-2981 என்ற வரைமுறை, எவ்வளவு பங்கு தர வேண்டும் என்று தகவல் மட்டும் சொன்னது. வசூலிக்கும் வேலை சந்தையிடம் இருந்தது. பங்கு கேட்காத புதிய சந்தைகள் முளைத்ததும் வாங்குபவர்கள் அங்கே போனார்கள். 2022 நவம்பரில் ஓபன்சீ என்ற என்.எஃப்.டி. சந்தை, பங்கு தராத சந்தைகளைத் தடுக்கும் கருவியைக் கொண்டுவந்தது. பத்து மாதம்கூட ஆகவில்லை. 2023 ஆகஸ்ட் 31இல் அதைக் கைவிட்டது. வாங்குகிறவருக்குப் பிடிக்காத நிபந்தனை சந்தையில் எழுதப்பட்டிருந்தால், அவர் சந்தையை மாற்றிக்கொள்வார்.

இதைச் செஞ்சிக்குப் பொருத்திப் பார்ப்போம். நெல் டோக்கனில் எல்லாரும் முதலில் ஏற்ற நினைக்கும் நிபந்தனை குறைந்தபட்ச விலைதான். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்னரகத்துக்கு 2,545 ரூபாய். இதற்குக் கீழே டோக்கன் நகராது என்று நிரலில் எழுத இரண்டு வரி போதும். எழுதிய மறுநாள் என்ன ஆகும்? வெளிவிலை அதற்கு மேலே இருந்தால் நிபந்தனைக்கு வேலையே இல்லை. கீழே இருந்தால் டோக்கன் விற்காது. வியாபாரி கூடத்தைத் தவிர்த்துக் களத்துமேட்டுக்கே வண்டியை அனுப்புவார். அவசரத்துக்குப் பணம் வேண்டியவர் அங்கேயே அளந்து கொடுத்துவிடுவார். டோக்கனுக்குள்ளேயே நிபந்தனையைப் பூட்டினாலும் வழி இருக்கிறது: டோக்கனை மாற்ற முடியாவிட்டால், டோக்கன் இருக்கும் போனையும் கடவுச்சொல்லையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். பினாமி நிலம் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறைந்தபட்ச விலையைத் தாங்குவது அந்த விலைக்கு வாங்க ஓர் ஆள் நிற்பதுதான். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறதா என்பதை எந்த நிரலும் ஈடுசெய்யாது.

பணத்துக்கு எதிராகச் சரக்கு என்ற நிபந்தனையின் கதை வேறு. அதை மீறி எந்தச் சந்தைக்கும் போவதில் நேர்மையான வியாபாரிக்கு லாபம் இல்லை. மீற நினைப்பவர் எவர் என்பதும் உடனே தெரிந்துவிடும். மேலும், அது நிறைவேறியதா இல்லையா என்பதை ஏட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம். பணம் வந்தது, ரசீது பெயர் மாறியது: இரண்டும் கணக்கு வரிகள். வெளியே போய் எவரையும் கேட்க வேண்டியதில்லை.

வெளியே கேட்க வேண்டியவை

கேட்க வேண்டிய நிபந்தனைகள்தான் தொல்லை. அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. இதை நிரலில் எழுதலாம். ஆனால் நிரலுக்குக் கண் இல்லை. ஈரமானி காட்டியதை யாரோ அதற்குச் சொல்ல வேண்டும். இப்படி வெளியுலகச் செய்தியைக் கொண்டுவந்து கொடுப்பதை இந்தத் துறையில் ஆரக்கிள் என்கிறார்கள். கொள்முதல் நிலைய வாசலில் விவசாயிக்கும் பணியாளருக்கும் நடக்கும் வாக்குவாதம் அத்தனையும் அந்த ஒற்றை எண்ணைப் பற்றியது. மாதிரியை மூட்டையின் மேலிருந்து எடுத்தார்களா, அடியிலிருந்தா? கருவி சரிபார்க்கப்பட்டதா? நிரல் வந்த பிறகு இந்த வாக்குவாதம் நின்றுவிடாது. எண்ணைத் தட்டச்சு செய்கிறவரின் மேசைக்கு இடம் மாறும். அவர் கை மேலும் ஓங்கும், ஏனென்றால் அவர் தட்டியதைத் திருத்த வழி குறைவு.

இன்னொன்றும் இருக்கிறது. 2022இல் பருவமழையில் தமிழ்நாட்டு நெல் நனைந்தபோது, மாநில அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் மத்திய அரசு அக்டோபரில் அந்த 17ஐ 19 ஆகத் தளர்த்தியது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய்த்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. தாமதம்தான், எரிச்சல்தான். ஆனாலும் நிபந்தனை வளைந்தது. மாற்றவே முடியாத நிரலில் 17 என்று எழுதியிருந்தால், மழையில் நனைந்த மூட்டையின் டோக்கன் அப்படியே நின்றிருக்கும். மாற்றலாம் என்று வழி வைத்தால், அந்தச் சாவியை வைத்திருப்பவர் யார் என்ற கேள்வி உடனே வரும். எவராலும் மாற்ற முடியாது என்ற பெருமையும், தேவைப்பட்டால் மாற்றலாம் என்ற வசதியும் ஒரே நிரலுக்கு ஒருசேரக் கிடைப்பதில்லை.

மழையையே நிபந்தனையாக்கும் முயற்சிகளும் உண்டு. கென்யாவில் ஏக்கர் ஆப்பிரிக்கா, ஈதரிஸ்க் என்ற அமைப்புகள் சேர்ந்து, வானிலைத் தரவைப் பார்த்து ஸ்மார்ட் காண்ட்ராக்ட் வழியே சிறு விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை கொடுத்திருக்கின்றன. ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது அதில் பெரிய ஆறுதல். நம் பக்கத்தில் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழைமானியை நம்பிய நிரல் அன்றிரவே பணம் கொடுத்திருக்கும். அனந்தபுரத்து வயல் நிலவரத்துக்கு மயிலத்து மழைமானி சாட்சி சொல்ல முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி.

சரக்கே இல்லாமல் சீட்டு மட்டும் இருந்தால்? இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் என்ற பண்டச் சந்தை 2013 ஜூலை 31இல் வியாபாரத்தை நிறுத்தியபோது ஏறத்தாழ 13,000 முதலீட்டாளர்களின் சுமார் 5,600 கோடி ரூபாய் சிக்கியது. இன்று வாங்கி, இருபத்தைந்து நாள் கழித்து இன்ன விலைக்குத் திரும்ப விற்பது என்று இரட்டை ஒப்பந்தம். இடையில் கிடங்கில் இருக்கும் சரக்கு ஈடு. கணக்கேட்டில் எல்லா நிபந்தனையும் ஒழுங்காக நிறைவேறிக்கொண்டிருந்தது. கிடங்குகளைத் திறந்து பார்த்தபோதுதான் பலவற்றில் சொன்ன அளவுக்குச் சரக்கு இல்லை என்று தெரிந்தது. அந்த ஏடு பிளாக்செயினில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லாத சரக்கின் பேரில் இருந்த டோக்கனை எவராலும் அழித்து எழுத முடியாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஏடு பொய் சொல்லாது என்பார்கள். ஏட்டில் முதல் வரியை எழுதுகிறவர் பொய் சொல்லலாம். அதனால் பதிவு பெற்ற கிடங்கு, திடீர் சோதனை, கிடங்குக்காரர் கட்டும் பிணைத்தொகை ஆகிய பழைய காரியங்களை நிரல் தேவையற்றவையாக்கிவிடாது. அவற்றின் மேல்தான் அது நிற்க முடியும்.

நிரலே தவறினால்

நிபந்தனை சேர்க்கச் சேர்க்க ஓட்டையும் சேர்கிறது. 2016 ஜூனில் தி டாவ் என்ற கூட்டு நிதியின் நிரலில், பணத்தைக் கொடுத்த பிறகு கணக்கில் கழிப்பது என்ற வரிசைப் பிழையால் எதீரியத்தின் நாணயமான ஈதர் சுமார் 36 லட்சம் வடிந்தது. கொடுப்பதற்கும் கழிப்பதற்கும் நடுவில் திருடர் மறுபடி மறுபடி கை நீட்டினார். ‘நிரலே சட்டம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஜூலை 20இல் எதீரியத்தின் வரலாற்றையே பிளந்து பணத்தை மீட்டார்கள். ஒப்பாதவர்கள் பழைய சங்கிலியில் எதீரியம் கிளாசிக் என்று தங்கிவிட்டார்கள். யூனிஸ்வாப்பின் புதிய வசதி வந்த நான்கே மாதத்தில், 2025 மே மாதம், அதில் கார்க் புரோட்டோகால் என்ற திட்டம் சேர்த்திருந்த சொந்த நிரலை யார் கூப்பிடலாம் என்று சரியாகத் தடுக்காததால் சுமார் 1.2 கோடி டாலர் போயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, யூனிஸ்வாப்பின் மூல நிரல் உடையவில்லை. ஒட்டுப்போட்ட நிபந்தனைதான் உடைந்தது.

இந்தியர்களுக்கு நேரடியாகச் சுட்டது வாசிர்எக்ஸ். 2024 ஜூலை 18இல் அந்தக் கிரிப்டோ பரிமாற்றகத்தின் பணப்பையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் திருடப்பட்டன. அந்தப் பணப்பை ஒரு ஸ்மார்ட் காண்ட்ராக்ட். பல கையொப்பங்கள் சேர்ந்தால்தான் திறக்கும், முன்பே அனுமதித்த முகவரிகளுக்குத்தான் அனுப்பும் என்ற நிபந்தனைகளோடு இருந்தது. கையொப்பமிட்டவர்கள் திரையில் கண்டது ஒன்று, ஒப்பம் விழுந்தது வேறொன்றில் என்று நிறுவனம் விளக்கியது. அந்த ஒப்பம், பணப்பையின் நிரலையே திருடருடைய நிரலாக மாற்றிவிட்டது. நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறியே திருட்டு நடந்தது.

அதன் பின்விளைவு ஒன்று சென்னைக்கு வந்தது. திருடுபோகாத வகை டோக்கன்களை வைத்திருந்த ஒருவர், எல்லார் நட்டத்தையும் எல்லாரும் பகிர வேண்டும் என்ற திட்டத்தில் தன் சொத்தையும் சேர்க்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபர் 25இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சொத்து என்று தீர்ப்பளித்தார். அதைக் கையில் பிடிக்க முடியாது, அது நாட்டு நாணயமும் அல்ல, ஆயினும் அனுபவிக்கவும் மற்றொருவருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கவும் இயன்ற சொத்து என்றார். நெல் டோக்கனைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு முக்கியம். நிரல் தவறினால் போக ஒரு வாசல் உண்டு, அது உயர் நீதிமன்றத்தின் வாசல் என்று அது சொல்கிறது.

பெரிய விபத்துகளைத் தவிர அன்றாடக் குறைகளும் உள்ளன. அதிகம் பேசப்படாத ஒன்று: ஸ்மார்ட் காண்ட்ராக்ட் தானாக விழித்துக்கொள்ளாது. ‘மாலை ஐந்துக்குள் பணம் வராவிட்டால் ஏலம் ரத்து’ என்று எழுதலாம். ஐந்து மணி அடித்ததும் அதற்குத் தெரியாது. எவராவது கட்டணம் கட்டி அதைக் கூப்பிட்டால்தான் மணி பார்க்கும். செஞ்சியில் அந்த எவராவது யார் என்பதையும் நிபந்தனையோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும். விவசாயியின் போனை நம்பியிருப்பது சரியான விடை அன்று.

எவர் பக்கம் நிபந்தனை

பணத்தின் பக்கத்தைப் பார்ப்போம். சரக்கும் பணமும் ஒரே பரிவர்த்தனையில் மாற வேண்டுமானால் பணமும் அந்த ஏட்டுக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் 2022இல் ரிசர்வ் வங்கி மின்னணு ரூபாயைச் சோதனைக்கு விட்டது: நவம்பர் 1இல் மொத்தப் பயன்பாட்டுக்கு, டிசம்பர் 1இல் சில்லறைப் பயன்பாட்டுக்கு. அதில் நிபந்தனை ஏற்றவும் முடியும். ஒடிசாவிலும் ஆந்திரத்திலும் ஸ்டேட் வங்கி குத்தகை விவசாயிகளுக்கு இந்த ரூபாயில் கடன் கொடுத்துப் பார்த்தது. விதை, உரம் போன்ற இடுபொருள் வாங்க மட்டுமே அந்தப் பணம் செல்லும். நிலப் பட்டா இல்லாததால் வங்கிக் கடனே கிடைக்காதவர்களுக்குக் கடன் கிடைத்தது நல்ல காரியம். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிபந்தனை ஏற்றும் வசதி கைக்கு வந்ததும் அது முதலில் ஏறியது விவசாயியின் பணத்தின் மேல். நெல்லை எடுத்துக்கொண்டு பணத்தைத் தள்ளிப்போடும் பக்கத்தின் மேல் ஏறவில்லை.

வரியிலும் ஒரு முள் இருக்கிறது. 2022இன் நிதிச் சட்டம் மின்னணுச் சொத்துக்குத் தந்த வரையறை மிக அகலமானது. மறைக்குறியீட்டு முறையில் உருவாகும் எந்த டோக்கனும் அதற்குள் விழக்கூடும். லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, கைமாறும்போது ஒரு விழுக்காடு பிடித்தம். நெல் டோக்கன் இதற்குள் விழுந்தால், சந்தைக் கட்டணத்துக்கு இணையாக இன்னொரு ஒரு விழுக்காடு ஒவ்வொரு கைமாற்றத்திலும் நிற்கும். அரசு அறிவிக்கை மூலம் விலக்குத் தர முடியும்; விலக்கு இல்லாமல் தொடங்குவது வீண்வேலை.

இவ்வளவுக்கும் பிளாக்செயின் அவசியமா? தேசிய மின்னணு வேளாண் சந்தையான இ-நாம் 2016 ஏப்ரல் 14இல் தொடங்கியது. நுழைவுப் பதிவு, தர ஆய்வு, ஏலம், எடை, பட்டியல், பணம், அதன் பின் வெளியேறும் சீட்டு என்ற வரிசை அதிலேயே இருக்கிறது. அந்த வரிசையைத் தாண்ட முடியாதபடி செய்ய ஒரு மையக் கணினியே போதும். கூடமும் களஞ்சியமும் ஒரே அரசின் மேற்பார்வையில் இருக்கும்வரை, பிளாக்செயின் கூடுதலாகத் தருவது குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. நிலைமை மாறுவது, ஒருவரை ஒருவர் நம்பாத பல ஏடுகள் சேரும்போது: செஞ்சிக் கிடங்கு, கடன் கொடுத்த வங்கி, வெளி மாநில அரிசி ஆலை, துறைமுகத்து ஏற்றுமதியாளர். அவர்களுக்கு நடுவில் எவருடைய கணினியை நம்புவது என்ற கேள்வி வரும்போது பொது ஏட்டுக்குப் பொருள் உண்டு. தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. நம்பிக்கை இணையம் என்ற பெயரில் மின்னாளுமை முகமை ஒரு பிளாக்செயின் கட்டமைப்பையும் அமைத்தது. சோதித்துப் பார்க்க இடம் தேட வேண்டிய நிலையில் நாம் இல்லை.

சோதிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஈரப்பதம், தரம், மழை, குறைந்தபட்ச விலை எதையும் முதல் நாளே நிரலில் எழுதாதீர்கள். அவற்றை அளப்பவரின் பெயரும் நேரமும் ஏட்டில் பதிவானால் போதும்; தீர்ப்பு மனிதரிடமும் முறையீட்டுக் குழுவிடமும் இருக்கட்டும். அனந்தபுரத்து மூட்டைக்கு விலை முடிந்ததும் வியாபாரியின் பணம் வங்கியில் தடுத்து வைக்கப்பட வேண்டும். அது தடுக்கப்படாமல் வெளியேறும் சீட்டு அச்சாகக்கூடாது. பொருளீட்டுக் கடன் இருந்தால் அது கழிந்து மீதி அன்றைக்கே விவசாயியின் கணக்கில் ஏற வேண்டும். இந்த ஒற்றை நிபந்தனையை ஓர் அறுவடைப் பருவம் முழுக்க நடத்திக் காட்டுங்கள். அது என்ன செய்கிறது என்பதை ஏலக் கொட்டகைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.